டீச்சர், அந்தப் பாட்டி யாரு?

இது நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று பூங்கொத்துப் படம் போட வேண்டாம். யார் யார் அப்படிச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்!

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருத்தி குடும்பத்தோடு திருவையாறு போயிருந்தாள். பெயர் போடவில்லை, படித்தால் அவளுக்கே தெரியும். காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கடைசிப் படத்தில், சன்னதியைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாளின் சிலை. கீழே எழுதியிருந்தாள்: "டீச்சர், சின்ன வயசுல நீங்க எங்களைக் கூட்டிட்டுப் போனப்ப இவங்க யாருன்னு உங்ககிட்ட கேட்டேன். இப்ப என் பொண்ணு என்கிட்ட கேட்கிறா. என்ன சொல்லட்டும்?"

நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆற்றுப் பக்கம் யாரும் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள், "டீச்சர், அந்தப் பாட்டி யாரு? சாமியா?" என்று கேட்டாள். "இந்தக் கோயிலைக் கட்டிக் கொடுத்தவங்க" என்றேன். "ஏன் கட்டினாங்க?" என்றாள். "பக்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வரிசையை நகர்த்தினேன். நேரம் இல்லை என்பது காரணம் அல்ல. அந்தக் கதையைச் சொன்னால் 'தேவதாசி' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம். கூட வந்த இன்னொரு ஆசிரியரும், "அதெல்லாம் இதுங்களுக்கு எதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன். பணி ஓய்வு பெறும்வரை எத்தனையோ தடவை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுதாகச் சொல்லவில்லை. கேட்டவளின் மகளுக்காக இப்போது எழுதுகிறேன்.

முதலில் சமாதியைப் பற்றி. தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்தவர். வாழ்ந்தது, பாடியது, மறைந்தது எல்லாம் திருவையாற்றில். திருமஞ்சன வீதியில் அவர் வீடு. தெருவில் பாடிக்கொண்டே போய், வீடுதோறும் போடுகிற அரிசியை வாங்கிக்கொண்டு வந்து வாழ்ந்தார். அதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர். சரபோஜி மன்னர் அழைத்தும் அரண்மனைக்குப் போகவில்லை என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி மறைந்தார். அதற்குச் சற்று முன் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். சந்நியாசிகளை எரிக்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் ஆற்றங்கரையில் சமாதி.

அவருக்கு ஒரே மகள். அந்த மகளின் பிள்ளையோடு வம்சம் நின்றுவிட்டது. சீடர்கள் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் பிரிந்து போய், குருநாதரின் திதியை அவரவர் வீட்டிலேயே கொடுத்து வந்தார்கள். ஆற்றங்கரையில் இருந்த சமாதியைப் பார்க்க ஆள் இல்லை. புதர் மண்டிவிட்டது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற இரண்டு சீடர்கள், தள்ளாத வயதில், தங்கள் குரு அடங்கிய இடத்தைத் தேடி வந்தார்கள். இருந்த கோலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அதைச் சீர்படுத்தி வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் ஆராதனைக்கு விதை அதுதான்.

அடுத்து பொறுப்பேற்றவர்கள் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும். தில்லைஸ்தானம் என்றால் நம் திருநெய்த்தானம்தான். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு ஏழு ஊருக்குப் போகுமே, அதில் கடைசி ஊர். வெளியூர் பிள்ளைகளுக்காக அந்த வரிசையைச் சொல்கிறேன்: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம். ஊருக்கு ஊர் சாமியை வரவேற்று, வந்தவர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய சீமை இது. திருவையாற்று அம்மனின் பெயரே அறம்வளர்த்த நாயகி. ஆகவே ஆராதனைக்கு இசைவாணர்கள் வந்தால் திண்ணை, சாப்பாடு, அரிசி, காய்கறி எல்லாம் ஊராருக்குப் புதிய சங்கதி அல்ல. என் அப்பாவும் படுகையில் வாழை போட்டிருந்தார். ஆராதனை வந்தால் இலை அறுத்துக் கட்டி அனுப்புவார். அவருக்குச் சங்கீதத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. "சாப்பிடுறவங்களுக்கு இலை வேணும்ல" என்பதோடு சரி.

அண்ணன் தம்பி நடத்திய விழா சில வருஷங்களிலேயே இரண்டாக உடைந்தது! அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்ன கட்சி. அரசியல் கட்சி இல்லை பிள்ளைகளா, ஆராதனைக் கட்சி. கடைசியில் ஒரு விசித்திரமான ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பஞ்சமி திதிக்கு முந்தைய நாட்கள் தொடங்கி பஞ்சமியோடு முடிப்பது சின்ன கட்சி. பஞ்சமியில் தொடங்கி அடுத்த நாட்களில் நடத்துவது பெரிய கட்சி. ஒரே மகானுக்கு, ஒரே ஆற்றங்கரையில், அடுத்தடுத்து இரண்டு திருவிழா. இத்தனை சண்டையிலும் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பெண்கள் அங்கே பாடக் கூடாது.

இங்கேதான் அந்தப் பாட்டி வருகிறார்.

பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாயார் புட்டுலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். கையில் எதுவும் இல்லாத நிலையிலும் மகளுக்குச் சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், இசை, நடனம் என்று ஒன்று விடாமல் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பெங்களூர், பிறகு சென்னை. பாட்டாலேயே பேரும் பணமும் வந்தது. ஹரிகதையும் செய்வார்.

தேவதாசி என்றால் என்ன என்று குழந்தை கேட்டால், நான் இப்போது இப்படிச் சொல்வேன். அந்தக் காலத்தில் சில பெண்களைச் சிறுவயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவார்கள். அவர்கள் ஊரில் மற்றப் பெண்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்வதில்லை. மற்றப் பெண்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களுக்குப் படிப்பும் இசையும் நடனமும் இருந்தன. சொத்தும் அவர்கள் பேரில் இருக்க முடிந்தது. அதே சமயம், பணக்காரர்களின் ஆசைக்கு அவர்களில் பலர் பலியானார்கள். அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் தாயாரும் அதே மரபில் வந்தவர்தான். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தது. நாகரத்தினம்மாள் இந்த முயற்சிக்கு எதிரணியில் நின்றவர். "நாங்கள் கலைஞர்கள். எங்கள் எல்லோரையும் ஒரே இழிசொல்லால் மூடாதீர்கள்" என்பது அவர் வாதத்தின் சாரம். சட்டம் வந்தது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஒரு பெண் குழந்தையின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் யாரும் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் நாகரத்தினம்மாள் பட்ட அவமானத்தைப் படித்த பிறகு, அவர் பேச்சில் இருந்த நியாயத்தையும் தள்ள முடியவில்லை.

அவருடைய துணிச்சலுக்கு இன்னோர் உதாரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம் தஞ்சாவூரில் பிரதாபசிம்ம மன்னர் சபையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர் இருந்தார். தெலுங்கில் ராதிகா சாந்தவனம் என்ற காவியம் எழுதியவர். பின்னால் வந்த பதிப்பில் பல பாடல்களையும், எழுதியவர் யார் என்ற விவரத்தையும் விட்டுவிட்டதைக் கண்டுபிடித்து, ஏட்டுச் சுவடியைத் தேடி எடுத்து, 1910இல் முழு நூலையும் பதிப்பித்தவர் நாகரத்தினம்மாள். ஒரு பெண் சிருங்காரம் எழுதலாமா, அதை இன்னொரு பெண் அச்சிடலாமா என்று கொந்தளித்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் நூலைத் தடை செய்தது. சுதந்திரம் வந்த சமயத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. தஞ்சாவூர்ப் பெண்ணின் புத்தகத்துக்கு மைசூர்ப் பெண் வாதாட வேண்டியிருந்தது. இதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

1921இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய குருவான மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா. திருவையாற்றில் தியாகராஜர் சமாதி இருக்கும் நிலையைப் பார்த்து மனம் வெந்து எழுதியிருந்தார். இரண்டு கட்சிகள் வருஷா வருஷம் விழா நடத்திக்கொண்டிருந்த காலம் அது என்பதைக் கவனியுங்கள். விழா நாட்களில் கூட்டம், மற்ற நாட்களில் கவனிப்பார் இல்லை. நாகரத்தினம்மாளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பிள்ளை குட்டி இல்லை. புறப்பட்டு வந்து பார்த்தார். அந்த வருஷமே அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தைப் பேசி வாங்கினார். இடத்தைச் சுத்தப்படுத்திச் சமாதி மேல் கோயில் எழுப்பினார். தியாகராஜருக்குச் சிலை செய்து வைத்தார். தினப்படி பூஜைக்கு வழி செய்தார். நகையும் சேமிப்பும் அதிலேயே கரைந்தன. 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது. இடையில் நான்கு வருஷத்துக்கும் மேல். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொத்தனார், கல், சுண்ணாம்பு, கூலி என்று எப்படி இழுக்கும் என்று. சென்னையில் இருந்துகொண்டு, கச்சேரி செய்து சம்பாதித்து, காவிரிக் கரையில் ஒரு கட்டடத்தை ஒற்றை ஆளாக எழுப்பியிருக்கிறார், அதுவும் அந்தக் காலத்தில், ஒரு பெண்.

கோயில் கட்டும்வரை இரண்டு கட்சியும் தடுக்கவில்லை. காசு அவருடையது, நிலம் அவர் வாங்கியது. குடமுழுக்கு முடிந்து, ஆராதனையில் அந்தச் சன்னதியில் பாடுகிறேன் என்று அவர் கேட்டபோதுதான் முடியாது என்றார்கள். ஹரிகதையும் கூடாது.

இந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. வாசலில் கோலம் போடலாம், விளக்கு வைக்கலாம், கட்டடத்துக்குச் செலவழிக்கலாம், பாடக் கூடாது. நம் வீடுகளிலும் இந்தக் கணக்கு நடக்கவில்லையா? பெண்டாட்டி சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டிவிட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவள் பெயரை விட்டுவிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். நம் சொந்தத்தில்தான். யார் என்று சொல்லவில்லை, சண்டை வரும்.

நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு சென்னைக்குத் திரும்பவில்லை. மறு வருஷம், 1927இல், மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். பெண்கள் கட்சி. முன்புறம் ஆண்கள் பாடினால், கோயிலின் பின்புறம் பெண்கள் பாடினார்கள். தன்னைப் போன்ற பெண் கலைஞர்களை ஊர் ஊராக அழைத்து வந்தார். சாமி சன்னதிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவதை நினைத்துப் பாருங்கள். சாமி முகம் தெரியாது. ஆனால் குரல் கேட்கும் தூரம்தான். அப்படியே பதினான்கு வருஷம். பிற்பாடு திருவையாற்றுக்கே குடிவந்து சமாதி பூஜையைக் கவனித்துக்கொண்டார்.

கடைசியில் 1940, 41 வாக்கில் கட்சிகள் எல்லாம் ஒன்றாயின. ஐ.சி.எஸ். அதிகாரியும் இசை அறிந்தவருமான எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் பேசி இணைத்து, தியாகப்பிரம்ம மகோத்சவ சபை உருவானது. ஆணும் பெண்ணும் பாடலாம் என்றானது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் உள்ள பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் கூடி உட்கார்ந்து பாடும் முறை நிலைபெற்றதும் அந்தக் காலத்தில்தான். நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிறீர்களே, எதிரெதிரே வரிசையாக ஆண்களும் பெண்களும், அது ஆதி காலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். என் அம்மா பிறந்த காலத்தில் வந்த வழக்கம்தான் அது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். 1946இல் தண்டபாணி தேசிகர் அங்கே ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடினார் என்பதற்காகப் பெரிய சர்ச்சை எழுந்தது. தெலுங்குக் கீர்த்தனை பாடும் இடத்தில் தமிழா என்று. அப்பர் பாடிய ஊரில், ஐயாறப்பர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், இப்படி ஒரு கேள்வி! தமிழிசை இயக்கம் வேகமாக இருந்த காலம் அது. அதை எழுதினால் இன்னொரு நீளப் பதிவாகிவிடும், விடுகிறேன்.

என் நினைவுக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அப்பா இலைக்கட்டைக் கொண்டு போகும்போது என்னையும் கூட்டிப்போனார். தை மாதக் குளிர். காலையில் திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி புறப்பட்டு வரும். பாடிக்கொண்டு வருபவர்களுக்கு வீடுகளில் அரிசி போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு பெரிய ஆளுங்க அரிசி வாங்குறாங்க?" என்று கேட்டேன். "அவரு வாங்கினாருல்ல, அதனால" என்றார். மேடையில் பாடுகிறவர்களுக்குச் சன்மானம் கிடையாது என்பதும் அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான். எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் அங்கே கொஞ்ச நேரம், ஒன்றிரண்டு பாட்டு, காணிக்கை மாதிரி. அடுத்தவருக்கு இடம் விட்டு எழுந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை புரியாமல் மணலில் உட்கார்ந்து கேட்டேன். நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலாகப் பாடும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அதற்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை போலிருக்கிறது. அப்போதும் அந்தச் சிலை அங்கேதான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அப்பாவும் காட்டவில்லை.

நாகரத்தினம்மாள் 1952ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி திருவையாற்றிலேயே இறந்தார். சொத்தையெல்லாம் சமாதிக்கே எழுதி வைத்துவிட்டார். தியாகராஜர் சன்னதிக்கு எதிரே அவருக்கும் சமாதி எழுப்பினார்கள். உன் மகள் கேட்ட சிலை அங்கே இருப்பதுதான். முகம் தெரியாமல் பின்புறம் உட்கார்ந்து பாடியவர், இப்போது நேர் எதிரே உட்கார்ந்து எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, கண்ணு, உன் மகளிடம் இப்படிச் சொல்: அவங்க பேரு நாகரத்தினம்மாள். பாட்டுப் பாடிச் சம்பாதிச்ச காசுல இந்தக் கோயிலைக் கட்டினாங்க. இங்க பொம்பளைங்க பாடக் கூடாதுன்னு சொன்னாங்க. அவங்க பின்னாடி உட்கார்ந்து பாடினாங்க, முன்னாடி கூப்பிடுற வரைக்கும். தேவதாசி என்ற சொல்லைப் பத்து வயதில் சொல்வதா, பதினான்கில் சொல்வதா என்பதை நீயே முடிவு செய். ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதே. நான் உனக்குச் சொல்லாமல் விட்டது போதும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. உங்கள் பிள்ளைகள் அங்கே பாடப் போனால், திருவையாற்றில் யார் இடம் பிடித்துக் கொடுத்தது என்று சொல்லி அனுப்புங்கள்.

உள்ளூரில் இருப்பவர்கள் அடுத்த பஞ்சமிக்குப் போவீர்கள். பஞ்சரத்தினம் முடிந்ததும் அசோகா வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடுவீர்கள், தெரியும். அதற்கு முன் சிலைக்கு ஒரு முழம் பூ வாங்கி வையுங்கள். அப்படியே கோயிலின் பின்புறத்துக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெண்கள் உட்கார்ந்து பாடிய பக்கம் அதுதான். முட்டிவலி விட்டால் நானும் வருவேன். யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.